பாப்பாவுக்கு, அந்த வீடியோவைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். செம்பால் கருங்கல்லை அறுக்க முடியாது, அதனால் எகிப்தில் வேற்றுக்கிரகவாசிகள்தான் வேலை செய்திருக்க வேண்டும் என்கிறார் அந்த ஆள். முதல் பாதி சரி. செம்பு அறுக்காதுதான். அறுத்தது மணல்.

நான் வேலை பார்த்த கிரானைட் கம்பெனியில் கேங்சா, அதான் கல்லைப் பலகை பலகையாக அறுக்கும் பெரிய ரம்ப மெஷின், ஓடுமே, ஞாபகம் இருக்கிறதா? அதன் பிளேடில் பல்லே கிடையாது, வெறும் பட்டை. மேலிருந்து எஃகுக் குருணை கலந்த சுண்ணாம்புத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். குருணைதான் கல்லைத் தின்னும். பட்டை அதை இழுத்து ஓட்டுவதோடு சரி. எகிப்துக்காரர்கள் செய்ததும் இதே வேலைதான். கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் செம்பு 3. மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 7, கருங்கல்லில் நம்மைப் படுத்துவதும் அதே குவார்ட்ஸ். செம்பு ரம்பத்தின் அடியில் மணலைப் போட்டு இழுத்துக்கொண்டே இருந்தால் கல் இறங்கும். செம்பும் கூடவே தேயும், அது தனிச் செலவு. டெனிஸ் ஸ்டாக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இப்படி அறுத்தே காட்டியிருக்கிறார்.

மலையிலிருந்து பெயர்க்க ரம்பமும் இல்லை. எகிப்தின் அசுவானில் பாதியில் விட்ட தூண் ஒன்று இன்னும் பாறையோடு ஒட்டிக் கிடக்கிறது. சுமார் 42 மீட்டர் நீளம், 1,000 டன்னுக்கு மேல் எடை. சுற்றிலும் பள்ளம் எடுத்தது டோலரைட் என்ற கெட்டிக் கல் உருண்டைகளால் இடித்து இடித்துத்தான். 1922-இல் அங்கே ஆராய்ந்த எங்கல்பாக் என்ற தொல்லியலாளர், தானே ஒரு மணி நேரம் இடித்துப் பார்த்தார். 5 மில்லிமீட்டர் போல இறங்கியது. அந்தத் தூணில் கடைசியில் விரிசல் கண்டு எகிப்துக்காரர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். வேறென்ன செய்வது? விரிசல் விழுந்த பிளாக்கை நாங்களும் தொட மாட்டோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது குஃபு மன்னரின் பிரமிடுக்குள் இருக்கும் கருங்கல் சவப்பெட்டி. பீட்ரி என்ற தொல்லியலாளர் அதை அளந்தபோது, வடக்குப் பக்கத்தில் ரம்பம் தப்பாக ஆழத்தில் இறங்கியிருந்ததைக் கண்டார். வெளியே எடுத்து மறுபடி தொடங்கி, மறுபடியும் அதே தப்பு! வேற்றுக்கிரகவாசி இப்படியா கோட்டை விடுவான்? அன்றைக்கு மேஸ்திரியிடம் நன்றாக வாங்கிக் கட்டியிருப்பான்.

அப்புறம், நீ இருக்கும் லண்டனிலேயே பீட்ரி பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. செம்புக் குழாயைச் சுழற்றி, மணல் போட்டுத் துளைத்தபோது நடுவில் மிஞ்சிய கல் உருளைகள் அங்கே உண்டு. ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கப் போகிறது, விசாரித்துவிட்டுப் போ. உருளையின் மேல் சுற்றியிருக்கும் கீறல் தெரிகிற மாதிரி கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா