17சி எங்கே போயிற்று?

ஆசிரியருக்கு, வணக்கம்.

தேர்தல் மோசடியை வைத்து எடுத்த குற்றத் தொடர் அத்தியாயம் பற்றி வாசகர்கள் எழுதியவற்றைப் படித்தேன். 'நடப்பதை அப்படியே காட்டிவிட்டார்கள்' என்கிறது ஒரு தரப்பு. 'ஓட்டு எந்திரத்தை யாரும் தொட முடியாது, எல்லாம் கட்டுக்கதை' என்கிறது இன்னொரு தரப்பு. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. மோசடி நடக்கிற இடத்தைத் தொடர்காரர்கள் தவறாகப் பிடித்துவிட்டார்கள்.

தொடரில், ஓட்டு எந்திரங்களைப் பூட்டி வைத்திருக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கு வெளியே வேனில் உட்கார்ந்து ஒருவன் மடிக்கணினியைத் தட்ட, உள்ளே எண்ணிக்கை மாறுகிறது. ஓட்டுகளைப் பதிந்து வைக்கும் கண்ட்ரோல் யூனிட்டில் வைஃபையும் இல்லை, புளூடூத்தும் இல்லை. எண்ணுகிற நாள்வரை அது அணைத்தே கிடக்கும். சரி, கதைக்காக மாற்றிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். 700 ஓட்டு 1,100 ஆனதைக் கண்டுபிடிக்க அந்த இன்ஸ்பெக்டர் ஏன் அவ்வளவு அலைய வேண்டும்? வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடியின் தலைமை அலுவலர் 'குளோஸ்' பொத்தானை அழுத்தி, மொத்த எண்ணிக்கையைப் பார்த்துப் படிவம் 17சி-யில் எழுதுவார். வாக்காளர் கையெழுத்துப் போட்ட 17ஏ பதிவேட்டின் கடைசி வரிசை எண், ஓட்டுப் போட மறுத்துப் போனவர்கள், எந்திர எண், எந்திரத்தில் ஒட்டும் பச்சை சீல் தாளின் எண் எல்லாம் அதில் ஏறும். அதன் நகலைச் சாவடியில் இருக்கும் பூத் ஏஜென்டுகள் ஒவ்வொருவரும் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்வார்கள். எண்ணும் மேசையில் எந்திரம் காட்டும் மொத்தமும் 17சி-யும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே குரல் எழும். அத்தியாயம் முழுக்க இந்தத் தாள் தலைகாட்டவே இல்லை.

மொத்தம் மாறாமல் ஒரு வேட்பாளரின் ஓட்டை இன்னொருவருக்குத் தள்ளினால் 17சி உதவாது, உண்மைதான். அதற்குத்தான் விவிபாட் சீட்டு, ஒவ்வொரு ஓட்டும் யாருக்கு விழுந்தது என்று அச்சாகி விழும் தாள். 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளைக் குலுக்கலில் எடுத்துச் சீட்டுகளை எண்ணுகிறார்கள். ஏறக்குறைய 300 சாவடிக்கு 5 போதுமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. கதாசிரியர் அதைத் தொட்டிருந்தால் பாராட்டியிருப்பேன்.

அடியாட்கள் சாவடிக்குள் புகுந்து பத்தே நிமிடத்தில் ஆயிரம் ஓட்டுப் போடும் காட்சியில் சிரிப்புத்தான் வந்தது. ஒவ்வொரு ஓட்டுக்கும் அலுவலர் கண்ட்ரோல் யூனிட்டில் 'பேலட்' பொத்தானை அழுத்தியாக வேண்டும். சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குள் நின்றுவிட்டு விழும். நிமிடத்துக்கு நான்குக்கு மேல் எந்திரம் ஏற்காது. பத்து நிமிடத்துக்கு 40 ஓட்டு! நடுவில் அலுவலர் 'குளோஸ்' அழுத்திவிட்டால் அதுவும் நின்றுபோகும்.

கள்ள ஓட்டு நிஜத்தில் சத்தமில்லாமல் விழும். எதிர்க்கட்சி ஏஜென்ட் சாப்பிடப் போயிருப்பார், அல்லது 'கவனிக்கப்பட்டிருப்பார்'. இறந்தவர், ஊர் மாறியவர் பட்டியல் அலுவலர் மேசையிலேயே இருக்கும், யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள். 17ஏ-யில் ஒரே கையெழுத்து பல பெயர்களுக்கு நேராக ஓடும். கடைசி ஒரு மணி நேரத்தில் ஓட்டு விறுவிறுவென ஏறும். எந்திரத்தில் ஒவ்வொரு பொத்தான் அழுத்தமும் தேதி, நேரத்தோடு பதிவாகிறது. துப்பறிகிறவர் அங்கே போயிருக்க வேண்டும். இறந்துபோன பாட்டியின் பெயரில் ஓட்டு விழுந்ததைக் காட்டினார்களே, அத்தியாயத்தில் உருப்படியான இடம் அது ஒன்றுதான். இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

தொடரில் வரும் என்று நான் எதிர்பார்த்து ஏமாந்தது, 'மாக் போல்' எனும் ஒத்திகை வாக்குப்பதிவை. காலையில் ஏஜென்டுகள் முன்னால் குறைந்தது 50 ஓட்டுப் போட்டுக் காட்டி, 'குளோஸ்', 'ரிசல்ட்', 'கிளியர்' என்று வரிசையாக அழுத்தி அழிக்க வேண்டும். விவிபாட் பெட்டியில் விழுந்த சீட்டுகளையும் எடுத்து, முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு சீல் வைக்க வேண்டும். பதற்றத்தில் 'கிளியர்' அழுத்த மறந்த அலுவலர்கள் உண்டு. அப்போது அந்த 50 நிஜ ஓட்டோடு சேர்ந்துவிடும், 17சி உதைக்கும். அந்த எந்திரத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். முன்பெல்லாம், மற்றதெல்லாம் எண்ணி முடித்த பிறகு வெற்றி வித்தியாசம் அந்தச் சாவடியின் ஓட்டைவிடக் குறைவாக வந்தால்தான் அதன் சீட்டுகளை எண்ணினார்கள். மறதியா, வேண்டுமென்றே செய்ததா? ஒரு முழு அத்தியாயத்துக்கு இது தாங்கும். ஹேக்கரே வேண்டாம்.

மோசடிக்குத் தொழில்நுட்பம்தான் வேண்டும் என்று நம்புகிறவர்கள் சண்டிகர் மேயர் தேர்தலை நினைத்துப் பார்க்கட்டும். 2024 ஜனவரி 30 அன்று, காகித வாக்குச்சீட்டு. தேர்தல் நடத்திய அலுவலரே 8 சீட்டுகளில் பேனாவால் கிறுக்கிச் செல்லாதவை ஆக்கியது கேமராவில் பதிவானது. 20 ஓட்டு வாங்கியவர் 12 என்று தோற்றார், 16 வாங்கியவர் ஜெயித்தார். பிப்ரவரி 20-ல் உச்ச நீதிமன்றம் முடிவைப் புரட்டிப் போட்டது. பணப்பட்டுவாடாவைத் தொடர் தொடவே இல்லை, 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் அதனால்தானே தள்ளிப்போயின.

கடைசிக் காட்சியில் இன்ஸ்பெக்டர் மனுக் கொடுக்க, மறுநாளே நீதிமன்றம் மறுதேர்தலுக்கு உத்தரவிடுகிறது. தேர்தல் வழக்கை வேட்பாளரோ வாக்காளரோதான் போட முடியும். அதுவும் 45 நாளுக்குள், உயர் நீதிமன்றத்தில். இன்ஸ்பெக்டர் போட வேண்டுமென்றால் அவருக்கு அந்தத் தொகுதியில் ஓட்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்