பத்து மாதத்தை ஒரே பத்தியில் முடிக்காதீர்கள்

பள்ளி உயிரியல் பாடநூல்களை எழுதுவோருக்கும் அவற்றைச் சரிபார்த்து ஒப்புதல் அளிக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

மனித இனப்பெருக்கம் பற்றிய பாடத்தை நீங்கள் எழுதும் முறையை மாற்ற வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன். நான் பார்த்த பாடநூல்களில் பெரும்பாலானவை விந்தணு உருவாவதையும் சினைமுட்டை முதிர்வதையும் மாதவிடாய்ச் சுழற்சியையும் பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு, கருவுறுதல் நிகழ்ந்ததுமே அவசரப்படத் தொடங்கிவிடுகின்றன. கரு கருப்பையில் பதிகிறது, நஞ்சுக்கொடி வழியே உணவு பெறுகிறது, ஒன்பது மாதங்களில் முழு வளர்ச்சி அடைகிறது, பிறகு கருப்பை சுருங்கிக் குழந்தை வெளியே தள்ளப்படுகிறது என்று நான்கைந்து வாக்கியங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. உயிரியல் கற்பிக்கும் ஆசிரியராக இந்தப் பத்தியை வகுப்பில் வாசிக்கும்போதெல்லாம், ஒரு மனித உடல் தன் வாழ்நாளில் செய்யும் மிகக் கடினமான வேலைகள் எல்லாம் இதில் விடுபட்டுப் போயினவே என்ற வருத்தம் எனக்கு எழுகிறது.

அந்தப் பத்திக்குப் பக்கத்தில் வழக்கமாக ஒரு படவரிசை இருக்கும். ஒரே தோற்றமுள்ள குழந்தை, மாதத்துக்கு மாதம் சற்றுப் பெரிதாக வரையப்பட்டிருக்கும். 1694இல் நிக்கோலாஸ் ஹார்ட்சூக்கர் விந்தணுவின் தலைக்குள் குறுகி உட்கார்ந்திருக்கும் குட்டி மனிதன் ஒருவனை வரைந்து வெளியிட்டார். எல்லா உறுப்புகளும் தொடக்கத்திலேயே இருக்கின்றன, அவை பெரிதாவதுதான் வளர்ச்சி என்ற எண்ணம் அக்காலத்தில் வலுவாக இருந்தது. 1759இல் காஸ்பர் ஃப்ரீட்ரிக் வோல்ஃப் கோழிக்கருவை ஆராய்ந்து, உறுப்புகள் முன்பு இல்லாத இடத்தில் புதிதாக உருவாகின்றன என்று எழுதினார். அறிவியல் அந்தக் குட்டி மனிதனைக் கைவிட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. உங்கள் படவரிசையோ, அப்படி ஒரு நோக்கம் உங்களுக்கு இல்லாவிட்டாலும், அவனையே மாணவர் மனத்தில் மீண்டும் உட்கார வைக்கிறது.

உண்மையில் நடப்பது முற்றிலும் வேறு. இதயம் முதலில் ஒரு நேர்க்குழாய். அது துடித்துக்கொண்டே வளைந்து, மடிந்து, உள்ளே சுவர்கள் எழும்பி நான்கு அறைகளாகிறது. கை முதலில் துடுப்புப் போன்ற ஒரு தட்டு. இடையிலுள்ள செல்கள் குறித்த நேரத்தில் இறப்பதால்தான் விரல்கள் பிரிகின்றன. சிறுநீரகம் மூன்று முறை தோன்றுகிறது. முதல் இரண்டும் வந்து மறைய, மூன்றாவதாக உருவாகும் இணையே நமக்கு நிலைக்கிறது. செல்கள் இடம்பெயர்கின்றன, ஒன்றுக்கொன்று வேதிச்செய்தி அனுப்புகின்றன, சில தம்மையே அழித்துக்கொள்கின்றன. இவற்றில் இரண்டையாவது பாடத்தில் சொன்னால், வளர்ச்சி என்பது பருமன் கூடுவது மட்டுமே என்ற எண்ணம் மாணவரிடம் தங்காது.

நான் மிகுதியாக வற்புறுத்த விரும்புவது காலவரிசையை. மருத்துவர்கள் சொல்லும் 40 வாரக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. கருவுற்ற நாளிலிருந்து எண்ணினால் அது ஏறத்தாழ 38 வாரம். ஒரே பாடத்தில் இரண்டு கணக்குகளும் விளக்கமில்லாமல் கலந்து வருவதால் மாணவர் குழம்புகிறார்கள். எந்தக் கணக்கு என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் போதும். இம்மடலில் கருவுற்ற நாளிலிருந்தே எண்ணுகிறேன்.

முதல் வாரத்தில் கருக்குழாயில் நகர்ந்தபடியே கரு பிளவுபடுகிறது. ஐந்தாம் நாளளவில் அது உள்ளீடற்ற ஒரு கோளமாகி, வெளிச்செல்கள் நஞ்சுக்கொடியாகவும் உட்செல்கள் குழந்தையாகவும் பிரியத் தொடங்குகின்றன. ஆறு, ஏழு நாட்களில் கருப்பைச் சுவரில் பதியத் தொடங்கும் அந்த வெளிச்செல்கள் சுரக்கும் ஹார்மோன், தாயின் சூலகத்தில் இருந்து கருப்பையின் உட்சுவரைப் பேணும் ஹார்மோனைச் சுரக்கும் கார்ப்பஸ் லூட்டியம் என்னும் திசுவை அழியாமல் காக்கிறது. அதனால்தான் அடுத்த மாதவிடாய் வராமல் நிற்கிறது. தாய்க்குக் கிடைக்கும் முதல் அறிகுறியே கருவின் திசு அனுப்பிய செய்திதான் என்பதை வகுப்பில் சொல்லும்போது, கடைசி வரிசையில் இருக்கும் மாணவர்கூட நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன். மூன்றாம் வாரத்தில், எல்லா உறுப்புகளுக்கும் மூலமான மூன்று செல் அடுக்குகள் உருவாகின்றன. 22ஆம் நாள் வாக்கில் இதயக்குழாய் துடிக்கத் தொடங்குகிறது. மூளையும் தண்டுவடமும் ஆகவேண்டிய நரம்புக்குழல் 28ஆம் நாளுக்குள் இருமுனையும் மூடிவிடுகிறது. எட்டாம் வார முடிவில் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நீளமே உள்ள உடலில் முக்கிய உறுப்புகள் அனைத்துக்கும் அடித்தளம் இடப்பட்டிருக்கும்.

இந்த நாட்களின் கணக்கைத் தேர்வுக்கான மனப்பாடமாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதன் பொருளை மாணவர் உணர வேண்டும் என்றே கேட்கிறேன். நரம்புக்குழல் மூடும் வேளையில், மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரமே ஆகியிருக்கும். தாம் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் அப்போதுதான் அறிகிறார்கள், சிலர் அப்போதும் அறிவதில்லை. முன்பு நரம்புக்குழல் குறையுள்ள குழந்தையைப் பெற்ற பெண்களிடம் நடத்தி 1991இல் வெளியிடப்பட்ட ஆய்வு, கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் அக்குறை மீண்டும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைகிறது என்று காட்டியது. பொதுவாகப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், கருத்தரிக்கும் முன்பே தொடங்கி முதல் மூன்று மாதம் வரை என்பதே இன்றைய பரிந்துரை. கர்ப்பம் உறுதியான பிறகு மருத்துவமனையில் இதைச் சொல்வது பலருக்குத் தாமதமாகிவிடுகிறது. அதற்கு முன் ஏறத்தாழ எல்லோரையும் சென்றடையக்கூடிய ஒரே இடம் பள்ளி வகுப்பறை. அங்கே சொல்லாமல் விட்டால் வேறெங்கே சொல்வது?

காலவரிசை தெரியாமல் நஞ்சுக்கொடியைப் பற்றிச் சொல்வதும் ஆபத்தானது. பல பாடநூல்கள் அதைத் தீயவற்றைத் தடுத்து நிறுத்தும் அரண் போலவே எழுதுகின்றன. 1941இல் நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர், கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை கண்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளிடம் கண்புரை இருப்பதைக் கவனித்து வெளியிட்டார். 1957இல் விற்பனைக்கு வந்து 1961 இறுதியில் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து, கைகால் குறைந்த ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறக்கக் காரணமாயிற்று. கருவுற்ற 20ஆம் நாளிலிருந்து ஐந்தாம் வாரம் வரையிலான குறுகிய இடைவெளியில் அம்மருந்தை உட்கொண்டவர்களின் குழந்தைகளே மிகுதியாகப் பாதிக்கப்பட்டார்கள். எந்த நாளில் எந்த உறுப்பு உருவாகிறதோ, அந்த நாளில் அந்த உறுப்பே ஊறுபடுகிறது. மது, புகை, மருத்துவர் அறியாமல் உட்கொள்ளும் மருந்து ஆகியவை பற்றிய எச்சரிக்கையைத் தனிப் பெட்டிச் செய்தியாக ஒதுக்காமல் இந்தக் காலவரிசையோடு சேர்த்துச் சொன்னால், மாணவருக்கு அது அறிவுரையாக அன்றிக் காரணத்தோடு கூடிய அறிவாகவே சென்று சேரும். தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் இயல்பில் ஒன்றாகக் கலந்து ஓடுவதில்லை, மெல்லிய திசுவின் இருபுறமும் ஓடியபடியே ஆக்சிஜனையும் உணவையும் கழிவையும் மாற்றிக்கொள்கின்றன என்பதையும் தெளிவாக எழுதுங்கள். தாயின் ரத்தமே குழந்தைக்குள் பாய்கிறது என்று நம்பும் பட்டதாரிகளை நான் சந்தித்திருக்கிறேன்.

கருச்சிதைவு பற்றி உங்கள் பாடங்கள் பேசுவதில்லை. தெரியவந்த கர்ப்பங்களில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை இவ்வாறு முடிகின்றன; முதல் மூன்று மாதங்களில் நிகழ்வனவற்றில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் குரோமோசோம்களின் எண்ணிக்கையிலோ அமைப்பிலோ நேர்ந்த பிழை. படி ஏறியதும் பாரம் தூக்கியதும்தான் காரணம் என்று ஒரு பெண்ணைச் சுற்றியிருப்பவர்கள் குற்றம் சொல்வதைக் குறைக்க ஒரு வாக்கியம் உதவுமானால், அந்த வாக்கியத்துக்குப் பாடநூலில் இடம் இருக்கத்தான் வேண்டும்.

எட்டாம் வாரத்துக்குப் பிறகு வரும் மாதங்களைக் காத்திருக்கும் காலமாக எழுதாதீர்கள். சிசு பனிக்குட நீரை விழுங்குகிறது, சிறுநீராக அதை மீண்டும் வெளியிடுகிறது. காற்றே இல்லாத இடத்தில் மூச்சு இயக்கங்களைப் பயில்கிறது. அந்தப் பயிற்சியும் நுரையீரலுக்குள் நிறையும் நீரும் இல்லாவிட்டால் நுரையீரல் சரியாக வளராது. அதன் ஹீமோகுளோபின் தாயினுடையதைக் காட்டிலும் ஆக்சிஜனை இறுக்கமாகப் பற்றும் வகையைச் சேர்ந்தது. தாயின் எதிர்ப்பொருள்கள் கடைசி மாதங்களில் அதற்கு மிகுதியாகச் சென்று சேருகின்றன. பெண் சிசுவின் சூலகங்களில் அதன் வாழ்நாளுக்கான சினைமுட்டைச் செல்கள் அனைத்தும் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. பிறந்த சில நாட்களுக்குள்ளேயே குழந்தைகள் தம் தாயின் குரலை மற்றொரு பெண்ணின் குரலிலிருந்து பிரித்தறிந்து விரும்புகின்றன என்று டிகாஸ்பரும் ஃபைஃபரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கருப்பைக்குள் கேட்ட அனுபவம் வெளியிலும் தொடர்கிறது என்பதற்கு அது சான்று.

பிறப்பைப் பற்றி எழுதும்போதுதான் பாடநூலின் அவசரம் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. "குழந்தை வெளியே தள்ளப்படுகிறது" என்ற வாக்கியத்தில் குழந்தைக்கு எந்தப் பங்கும் இல்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த கிரகாம் லிகின்ஸ், பிரசவத்தைத் தொடங்கி வைப்பது எது என்று செம்மறி ஆடுகளில் ஆராய்ந்து, குட்டியின் அட்ரீனல் சுரப்பி வெளியிடும் கார்ட்டிசாலே அதைத் தூண்டுகிறது என்று கண்டார். மனிதரில் அப்பாதை அப்படியே இல்லை. நஞ்சுக்கொடியும் சிசுவின் அட்ரீனல் சுரப்பியும் பங்கேற்கும் அந்தத் தொடர்நிகழ்வு இன்றும் முழுமையாக விளங்கவில்லை. ஆனால் அந்த ஆராய்ச்சியின்போது, கார்ட்டிசாலைப் போன்ற ஸ்டீராய்டு மருந்து செலுத்தப்பட்டு, உயிர் பிழைக்க முடியாத அளவு முன்கூட்டிப் பிறந்த ஒரு குட்டி மூச்சுவிட்டதை லிகின்ஸ் கவனித்தார். நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் பொருள் குறைவதே குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்று 1959இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் முன்பே காட்டியிருந்தார்கள். லிகின்ஸும் ராஸ் ஹோவியும் 1972இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின், குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக் குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்யும் முறை பரவியது. கேள்வி ஒன்று, கிடைத்த பயன் வேறொன்று. அறிவியல் எவ்வாறு நடக்கிறது என்பதைக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பிரசவப் பாதையில் குழந்தை நேராக வழுக்கி வருவதில்லை. இடுப்பெலும்பின் நுழைவாயில் பக்கவாட்டில் அகலம், வெளிவாயில் முன்பின்னாக அகலம். ஆகவே தாடையை மார்போடு சேர்த்து, பெரும்பாலும் பக்கவாட்டில் முகம் நோக்கியபடி இறங்கும் தலை உள்ளே திரும்பித் தாயின் முதுகை நோக்குகிறது. நிமிர்ந்து வெளிவந்ததும், தோள்கள் வருவதற்கு வசதியாக மீண்டும் பக்கவாட்டில் திரும்புகிறது. மண்டையோட்டின் எலும்புகள் இன்னும் ஒன்றிணையாதிருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி வழிவிடுகின்றன. கருப்பை வாய் பத்து சென்டிமீட்டர் விரிவதற்குப் பல மணிநேரம் பிடிக்கும் என்பதையும், நஞ்சுக்கொடி வெளிவந்த பிறகே பிரசவம் முடிகிறது என்பதையும், அந்த இறுதிக் கட்டத்தில் ஏற்படும் ரத்தப்போக்கே உலகெங்கும் தாய்மார் உயிரிழக்க முக்கியக் காரணங்களில் ஒன்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதன்பின் வரும் சில நிமிடங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். அதுவரை நுரையீரல் நீர் நிறைந்திருந்தது. இதயம் வெளியேற்றிய ரத்தத்தில் சிறு பங்கே அங்கு சென்றது. மீதி, இதயத்தின் மேலறைகளுக்கு இடையிலுள்ள துளை வழியாகவும் நுரையீரல் தமனியைப் பெருந்தமனியோடு இணைக்கும் குறுக்குக்குழாய் வழியாகவும் விலகிச் சென்றது. முதல் மூச்சில் நுரையீரல் விரிகிறது, நீர் உறிஞ்சப்படுகிறது, நுரையீரல் ரத்தக்குழாய்களின் எதிர்ப்பு சட்டெனக் குறைகிறது, ரத்தம் அங்கே பாய்ந்து இடது மேலறைக்குத் திரும்புகிறது, அந்த அழுத்தத்தில் துளையின் மடல் சாத்திக்கொள்கிறது. குறுக்குக்குழாய் அடுத்த ஓரிரு நாட்களில் சுருங்கி மூடுகிறது. வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அந்த மடல் முழுமையாக ஒட்டாமலேயே இருக்கிறது; பெரும்பாலோருக்கு அதனால் தொல்லை இல்லை. வாழ்நாளில் வேறெந்த நாளிலும் மனித உடலின் ரத்த ஓட்டம் தன் பாதையை இப்படி மாற்றிக்கொள்வதில்லை. இதயத்தின் நான்கு அறைகளை வரைந்து பாகங்களைக் குறி என்று கேட்கும் நீங்கள், அந்த அறைகள் இப்போதைய ஒழுங்குக்கு வந்த நேரத்தை ஏன் சொல்லாமல் விடுகிறீர்கள்? பிறந்தவுடன் தொப்புள்கொடியை வெட்ட ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு பரிந்துரைப்பதையும் இங்கேயே சொல்லலாம். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்கு வந்து சேரும் ரத்தம் அதன் இரும்புச்சத்துக் கையிருப்பைக் கூட்டுகிறது.

பக்க வரம்பைக் காரணம் காட்டுவீர்கள் என்று அறிவேன். விந்தகக் குழாய்களின் நுண்ணமைப்பிலும் பெயர்ப்பட்டியல்களிலும் இரண்டு பக்கம் குறைத்தால் இவை அனைத்துக்கும் இடம் கிடைக்கும். வயதுக்குப் பொருந்துமா என்ற தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் கருவுறுதலை விளக்கத் தயங்காத பாடம் பிறப்பை விளக்கத் தயங்குவதற்கு நியாயம் இல்லை. ஆண், பெண் இருபாலாரும் ஒரே வகுப்பில் அமர்ந்து இதைப் படிக்கும்படி எழுதுங்கள், தனிப்பிரிவாக்கிப் பெண்களுக்கு மட்டும் ஒதுக்காதீர்கள்.

அடுத்த பதிப்பில், ஒரே குழந்தை பெரிதாகிக்கொண்டே போகும் அந்தப் படவரிசையை நீக்கி, நாட்களும் வாரங்களும் குறித்த காலக்கோடு ஒன்றை வைக்குமாறும், பிறப்பின்போது ரத்த ஓட்டம் மாறுவதைக் காட்டும் இரு படங்களை அருகருகே சேர்க்குமாறும், கர்ப்பத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவற்றைப் பாடத்தின் உடற்பகுதியிலேயே எழுதுமாறும் கேட்டுக்கொள்கிறேன். வரைவு அணியமானதும் மகப்பேறு மருத்துவர் ஒருவரிடமும் பிரசவம் பார்க்கும் செவிலியர் ஒருவரிடமும் அதை வாசிக்கக் கொடுத்து, பிறகு வகுப்பறை ஆசிரியர்களுக்கு அனுப்புங்கள்.

மதிப்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர்