காசு கொடுத்துக் குதிரை லத்தி அள்ளிய கதை

ஹூஸ்டன்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆற்காட்டில் மழை உண்டா?

போன வாரம் தொலைபேசியில், "காசு கொடுத்துப் போய்க் குதிரை லாயத்தில் தங்கி, லத்தி அள்ளினீர்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். பின்னால் அம்மாவும் சிரித்தது எனக்குக் கேட்டது. அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் தொலைபேசியை எடுத்தால் "சரி, வைக்கட்டுமா?" என்பதில்தான் குறியாக இருப்பீர்கள். கடிதம் என்றால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு முறைக்கு இரு முறை படிப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

லாயத்தில் தங்கவில்லை அப்பா. லாயத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை வீட்டில் தங்கினோம். லத்தி அள்ளியது மட்டும் உண்மை. அதையும் யாரும் செய்யச் சொல்லவில்லை. உங்கள் மாப்பிள்ளைதான் விடியற்காலையில் தானாகவே வாரியை எடுத்துக்கொண்டு தள்ளுவண்டியோடு கிளம்பிவிட்டார். வீட்டில் குப்பைப் பையைக் கட்டி வெளியே வைக்கச் சொன்னால் அரை நாள் யோசிக்கிற மனிதர் அவர்.

நாங்கள் புறப்பட்டது பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு. டெக்சாஸின் தென்மேற்கில், ரியோ கிராண்டே ஆறு மெக்சிகோவுக்கு எல்லையாக ஓடும் இடம். இங்கிருந்து ஒரே மூச்சில் போகிற தூரமில்லை. வழியில் இரவு தங்குவதற்காக பாண்டெரா என்னும் சிற்றூரில் ஒரு குதிரைப் பண்ணையைப் பிடித்தோம். காலையில் எழுந்து கிளம்புவதாகத்தான் ஏற்பாடு. காலையில் காபியோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளை, "இன்னும் ஒரு நாள் இருக்கலாமா?" என்றார். மறுநாள் நான் கேட்டேன். கடைசியில் விடுமுறை முழுவதும் அங்கேயே தீர்ந்துவிட்டது. பிக் பெண்ட் எங்கும் போய்விடாது.

பாண்டெரா சான் ஆண்டோனியோ நகரத்துக்கு வடமேற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், ஆனால் எல்லையிலேயே 'உலகக் கௌபாய் தலைநகரம்' என்று பலகை வைத்திருக்கிறார்கள்! கடைவீதியில் கார் நிறுத்த இடம் இருப்பதுபோலவே குதிரையைக் கட்டவும் மரக்கட்டைகள் நட்டிருக்கிறார்கள். 1850-களில் உண்டான ஊர் இது. போலந்திலிருந்து வந்த குடும்பங்கள் அப்போதே குடியேறியிருக்கின்றன. 1870-களில் தெற்கு டெக்சாஸின் மாட்டு மந்தைகளை இந்த வழியாகத்தான் வடக்கே கான்சாஸ் வரை நடத்தியே ஓட்டிப் போயிருக்கிறார்கள். பிறகு முள்கம்பி வேலி வந்தது, ரயில் வந்தது, மந்தை ஓட்டும் தொழில் படுத்துவிட்டது. 1920-களில் பண்ணைக்காரர்கள் பட்டணத்து மனிதர்களைக் காசு வாங்கிக்கொண்டு தங்க வைக்கத் தொடங்கினார்கள். ஆக, எங்களைப் போன்ற ஏமாளிகள் நூறு வருஷமாக வந்துகொண்டிருக்கிறோம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்க வேண்டாம்.

சுற்றிலும் சுண்ணாம்புக்கல் குன்றுகள், ஓக் மரங்கள், முள்ளும் புதருமான வறண்ட காடு. நடுவில் மெடினா என்றொரு ஆறு. அதில் தண்ணீர் ஓடுகிறது. பாலாற்றங்கரையில் பிறந்தவளுக்கு இதுவே வேடிக்கை பார்க்கப் போதுமான காட்சி, மணிக்கணக்கில் பார்த்தேன்.

பண்ணையை நடத்துபவர்கள் உங்கள் வயதுத் தம்பதி. அவர் அதிகம் பேசமாட்டார். அந்த அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம் என்று சொன்னதும், டெக்சாஸில் பிறந்த அவர் முகத்தில் ஒரு கணம் பெரிய துக்கம் வந்தது. பிறகு சுதாரித்துக்கொண்டு, பீன்ஸும் மக்காச்சோள ரொட்டியும் செய்து போட்டார். மிளகாயைத் தாராளமாகப் போடச் சொல்லி நாங்களும் சமாளித்துக்கொண்டோம்.

எனக்குக் கொடுத்த குதிரையின் பெயர் பெப்பர். நான் மிளகு என்றே கூப்பிட்டேன், அதற்கும் காதைத் திருப்பியது. குவார்ட்டர் ஹார்ஸ் இனம். கால் மைல், அதாவது ஏறக்குறைய 400 மீட்டர் தூரப் பந்தயத்தில் இதை விஞ்ச வேறு இனம் இல்லை என்கிறார்கள். பிடரி முடிகிற இடத்தில் ஐந்தடி உயரம், எடை 500 கிலோ இருக்கும். இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பையைக் கண்டு நடுங்குகிறது! குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் முதுகுக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் நிற்பது அதற்குத் தெரியாதாம். அதனால் பக்கத்திலிருந்து, பேசிக்கொண்டே, கழுத்தில் கை வைத்தபடி போக வேண்டும். பின்னால் போவதானால் உடம்பின் மேல் வைத்த கையை எடுக்காமல் ஒட்டியே சுற்றிவர வேண்டும்.

முதலில் சவாரி கிடையாது, குளம்பு சுத்தம் செய்ய வேண்டும் என்றார் பெரியவர். தோளிலிருந்து காலோடு கையை மெதுவாகக் கீழே வழித்துக்கொண்டு போய், கணுவுக்கு மேல் லேசாக அழுத்த வேண்டும். அழுத்தினேன். 500 கிலோ மிருகம் என்னை நம்பி ஒரு காலைத் தூக்கி என் உள்ளங்கையில் வைத்தது. குளம்பின் ஓரம் நம் நகம்போல உணர்ச்சியில்லாதது. நடுவில் முக்கோணமாக, ரப்பர்போல் ஒரு பகுதி இருக்கிறது, அங்கே கொக்கி படக்கூடாது. அதன் இருபுறப் பள்ளத்திலும் மண்ணும் லத்தியும் இறுகிக் கிடந்தன. வளைந்த இரும்புக் கொக்கியால் குதிகாலிலிருந்து நுனியை நோக்கித் தோண்டியெடுத்தேன். ஒரு சிறு சுண்ணாம்புக்கல் 'டக்'கென்று தெறித்து விழுந்தது. மிளகு நீளமாக மூச்சு விட்டது. அந்தக் கல்லோடு எத்தனை தூரம் நடந்ததோ, பாவம்.

தீவனம் என்ன என்று கேட்பீர்கள், உங்களைத் தெரியாதா எனக்கு. கொள்ளு கிடையாது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் வீட்டில் எனக்கு ரசம் வைத்துக் கொடுத்ததுதான் மிச்சம், இங்கே அதைக் குதிரைக்குக் காட்டுவதுகூட இல்லை. கொஞ்சம் ஓட்ஸ், கொஞ்சம் குதிரைமசால், மற்றபடி நாள் முழுவதும் காய்ந்த புல். கோஸ்டல் பெர்முடா என்று அந்தப் புல்லுக்குப் பெயர். ஒரு புல்தண்டை எடுத்துக் கணுவைப் பார்த்தேன். எங்கோ பார்த்த புல்லாக இருக்கிறதே என்று தேடினால், சாட்சாத் நம் அறுகம்புல்லின் கலப்பு வகை! நம் ஊரில் ஒரு பிடி பறித்துப் பிள்ளையாருக்குச் சாத்துகிறோம், இங்கே உருளை உருளையாகக் கட்டிக் குதிரைக்குப் போடுகிறார்கள். கெட்டுப்போன தீவனத்தைத் தின்றுவிட்டால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உடம்பின் அமைப்பு அப்படி. வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் பெரியவர் ஒவ்வொரு கட்டையும் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போடுகிறார். பூஞ்சை வாடை வந்தால் அப்படியே ஒதுக்கிவிடுகிறார்.

சவாரியைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. இடப்பக்கமாகத்தான் ஏற வேண்டும். வாள் இடுப்பில் இடப்பக்கம் தொங்கிய காலத்துப் பழக்கமாம். எங்கள் குதிரைகள் நடந்தன, அவ்வளவுதான். மணிக்கு ஆறு கிலோமீட்டர். மேலே உட்கார்ந்தபடி நான் போட்ட கணக்கு வேறு. சின்ன வயதில் வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் சொல்வீர்களே, 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி நம் ஆற்காட்டிலிருந்துதான் குதிரைப்படையோடு ஓடிவந்தான் என்று. ஆற்காட்டிலிருந்து வேலூர் 25 கிலோமீட்டர். மிளகின் நடைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவன் காலையிலேயே வந்து சேர்ந்துவிட்டான் என்றால் குதிரைகளை எப்படி விரட்டியிருக்க வேண்டும்! கதை கேட்டபோதெல்லாம் கோட்டைக்குள் செத்த சிப்பாய்களைத்தான் நினைத்துக்கொள்வேன். இப்போது அந்தக் குதிரைகளையும் நினைத்துக்கொண்டேன்.

மதியத்தில் ஒன்றும் செய்வதில்லை. உண்மையிலேயே ஒன்றுமில்லை. கைப்பேசியில் சரியாகச் சிக்னல் கிடைக்காததால் மாப்பிள்ளைக்கு அலுவலகம் மறந்துவிட்டது. தாழ்வாரத்து மர நாற்காலியில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட்டார். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து பகலில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. ஹூஸ்டனில் சும்மா இருப்பது ஏதோ குற்றம்போல ஆகிவிட்டது. சனிக்கிழமை துணி துவைப்பது, ஞாயிற்றுக்கிழமை பேர்லாண்டில் மீனாட்சி கோயில், திரும்பும் வழியில் காய்கறி என்று ஓய்வும் ஒரு வேலையாகத்தான் நடக்கிறது. உங்களைச் சொல்லவே வேண்டாம். ராணிப்பேட்டைத் தோல் கம்பெனிக்கு சைக்கிளில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய்வந்த அத்தனை வருஷங்களில், திருமணத்துக்கும் துக்கத்துக்கும் தவிர லீவு எடுத்தவரா நீங்கள்?

இரவில் பேச்சு நன்றாக நடக்கும். தேசிங்கு ராஜாவின் கதையைச் சொன்னேன். 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி அவர் மாண்டது, உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாக நவாபே ராணிப்பேட்டையை உண்டாக்கியதாக நம் பக்கம் சொல்வது, எல்லாம். ராஜாவைவிட அவருடைய குதிரையைப் பற்றித்தான் இவர்கள் கேள்வி கேட்டார்கள். பொய்கைச் சந்தையைப் பற்றிச் சொன்னதும் பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தாத்தா மாட்டின் வாயைத் திறந்து இரண்டு பல், நாலு பல் என்று எண்ணுவதையும், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதையும் சொன்னேன். "நானும் பல்தான் பார்ப்பேன்" என்று எழுந்து லாயத்துக்கே கூட்டிப் போய் மிளகின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் இல்லை, குதிரைக்கு இருக்கிறது, அதனால் கடியும் பலம் என்று எச்சரித்தார். எருது விடும் விழாவைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. காளை தனியாக வீதியில் ஓடும், இரண்டு பக்கமும் ஜனங்கள், எத்தனை விநாடி என்று நேரம் பார்த்துப் பரிசு என்றேன். "மேலே யாரும் உட்காருவதில்லையா?" என்றார். "இல்லை." "கயிறு போட்டுப் பிடிப்பதும் இல்லையா?" "இல்லை." "பிறகு காளை எப்படித்தான் நிற்கும்?" என்றார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தம்பியைக் கேட்டு எழுதுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சேணங்களை அடுக்கி வைத்திருக்கும் அறைக்குள் நுழைந்தவுடன் உங்கள் சட்டை வாசனை வந்தது. அம்மா எத்தனை முறை துவைத்தாலும் போகாதே, அந்த வாசனை. நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி ஒரு சேணத்தின் வாரை எடுத்து வெட்டு விளிம்பைப் பார்த்தேன். குரோம் உப்பில் பதனிட்ட தோலுக்கு வரும் நீலச் சாம்பல் நிறம் இல்லை, உள்ளே வரை ஒரே பழுப்பு. "இது குரோம் இல்லை, மரப்பட்டையில் பதனிட்டது" என்றேன். பெரியவர் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குதிரை மேல் ஏறத் தெரியாத பெண்ணுக்குத் தோல் எப்படித் தெரியும் என்று கேட்டார். உங்களைப் பற்றிச் சொன்னேன். சுண்ணாம்புக் குழி, பட்டைத் தொட்டி, கடுக்காய், அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, பிறகு வாட்டில் பட்டை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். இங்கே ஓக் பட்டையில் பதனிடும் வழக்கம் உண்டாம். அவர் உடனே உள்ளே போய் ஒரு பழைய சேணத்தைத் தூக்கி வந்தார். அவருடைய தாத்தாவினுடையது. முன்பக்கம் கயிறு சுற்றும் கொம்பு தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. உட்காரும் இடம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கால் வைக்கும் அங்கவடி தொங்கும் அகலமான வார்கள் காய்ந்து, மடிக்கும் இடங்களில் மயிரிழையாக வெடித்திருக்கின்றன. மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் போட்டுப் பார்த்திருக்கிறார். தோல் கறுக்கிறதே தவிர இளகவில்லை என்கிறார்.

எங்கள் ஊரில் பட்டைத் தோலுக்குப் புங்கம் எண்ணெய் தடவுவார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் புங்க மரத்தைப் படத்தில் பார்த்துவிட்டு, எண்ணெயை எங்கே வாங்குவது என்று இப்போதே தேடிக்கொண்டிருக்கிறார். அதனால் நீங்கள் நிதானமாக எழுத வேண்டியவை இவை: வெடித்த தோலுக்குப் புங்கம் எண்ணெய் போடலாமா, அல்லது இருப்பதையும் கெடுத்துவிடுமா? முதலில் ஈரத்துணியால் துடைக்க வேண்டுமா? சதைப்பக்கம் தடவுவதா, மயிர்ப்பக்கமா? ஏற்கெனவே போட்ட எலும்பெண்ணெய் உள்ளே இருக்கும்போது என்ன செய்வது? தொலைபேசியில் சொன்னால் நான் பாதியை மறந்துவிடுவேன். தமிழிலேயே எழுதுங்கள், நான் ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புகிறேன். நீங்கள் சொல்லும்வரை அந்தச் சேணத்தைத் தொடமாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கிறார், அதனால் தபாலைத் தாமதிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்.

பி.கு.: அம்மாவுக்கு. குதிரை உதைக்கவில்லை, கடிக்கவில்லை, நாங்கள் கீழே விழவும் இல்லை. மாப்பிள்ளை இரண்டு நாள் கால்களை அகட்டி நடந்தார், இப்போது சரியாகிவிட்டது.