பந்தியில் நின்று பார்த்தது

அன்புள்ள முரளி,

முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கல்யாணத்துக்கு வராமல் தப்பிக்க இவ்வளவு பெரிய சாக்கு யாரும் சொன்னதில்லை என்கிறாள் அம்மா. மொய் வந்து சேர்ந்ததால் உன்னை மன்னித்தாயிற்று. மகளும் மாப்பிள்ளையும் புனே போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாப்பாட்டு விஷயம்தான், சிரிக்காதே.

போன வருஷம் மச்சினன் வீட்டுக் கல்யாணத்தில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இலை எடுக்கிற அம்மாவின் கூடையைப் பார்த்தேன். கடிபடாத ஜாங்கிரி, முழுசாக வடை, கை படாத பொரியல், இரண்டு மடக்கு குடித்துவிட்டு வைத்த தண்ணீர் பாட்டில்கள். பக்கத்தில் நின்றவர் 'ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லை சார்' என்றார். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. சாப்பிட வந்தவர் எதையும் கேட்கவே இல்லையே! அவர் உட்காரும் முன்பே எல்லா அயிட்டமும் இலையில் ஆறிக்கொண்டிருக்கிறது. சர்க்கரைக்காரருக்கும் ஜாங்கிரி, பல் இல்லாத பாட்டிக்கும் சீவல். மீந்ததற்குத் திட்டு மட்டும் அவர்களுக்கு.

மகள் கல்யாணத்துக்குச் சமையல் பேசும்போது மாஸ்டரிடமே கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். பணம் இலைக் கணக்கில். பரிமாற ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி அதிகம். முன்கூட்டியே வைத்துவிட்டால் பாதி ஆள் போதும், பந்தி சீக்கிரம் எழும், மண்டபத்தில் அடுத்தவர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்க மாட்டார்கள். அவர் பக்கம் பார்த்தால் எல்லாம் நியாயம்தான்.

நான் கூடுதலாக ஆள் கூலி தருகிறேன் என்றேன். உப்பு, ஊறுகாய், அப்பளம் மட்டும் முதலில். மற்றதெல்லாம் ஆள் உட்கார்ந்த பிறகு, கேட்டு, கொஞ்சமாக. மறுபடி கட்டாயம் வர வேண்டும். இந்த 'மறுபடி'தான் முக்கியம். திரும்ப வருவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் யாரும் முதலிலேயே வாங்கிக் குவிப்பதில்லை. நம் மெஸ் தாத்தா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்ப்பாரே, அது. (உன் முகத்தைப் பார்க்காமலே போடுவார், அது வேறு விஷயம்.)

முதல் பந்தி இழுத்தது. சம்பந்தி வீட்டுச் சித்தப்பா காலி இலையைப் பார்த்து, 'என்ன, இன்னும் சமைக்கவே இல்லையா?' என்றார். என் மனைவி என்னை முறைத்த முறைப்பை விடு. ஆனால் இலைக்கூடையில் கறிவேப்பிலையும் முருங்கைச் சக்கையும்தான் அதிகம். பிரிக்காத அரிசி மூட்டை திரும்பி வந்தது. சித்தப்பா இன்னும் சமாதானம் ஆகவில்லை.

இன்னொன்று கேள். அண்டாவில் மீந்தால் வழி உண்டு. கோயம்புத்தூரில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்றவர்கள் வந்து எடுத்துப்போய்ப் பசித்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் இலையில் விழுந்ததை யாருக்குக் கொடுப்பது? ஆகவே அண்டாவிலேயே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. நார்வேயில் ஹோட்டல்களில் தட்டைச் சின்னதாக்கிப் பார்த்தார்களாம். யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. வீணாவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்று 2013-ல் ஆய்வு வந்தது.

ஃபேக்டரி கேன்டீனில் என்னைக் கமிட்டியில் போட்டிருக்கிறார்கள், தலையெழுத்து. நேற்று வீணானது இத்தனை கிலோ என்று போர்டு எழுதினோம். கொஞ்ச நாள் பார்த்தார்கள், அப்புறம் அதன் மேலேயே கிரிக்கெட் ஸ்கோர் எழுதினார்கள். உண்மையான ஓட்டை வேறு இடத்தில். ஓவர்டைம் ரத்தானால் சூப்பர்வைசர் எல்லாருக்கும் சொல்கிறார், சமையல்கட்டுக்கு மட்டும் சொல்வதில்லை. வராத ஆளுக்கு உலை கொதிக்கிறது. இப்போது சாயங்காலம் ஒரு போன், அவ்வளவுதான் ஏற்பாடு. கூடவே 'அரைச் சாப்பாடு' டோக்கனும் வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் கதை இன்னும் மோசம். 2022-ல் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் கணக்குக் கொடுத்தது. நம் நாட்டு வீடுகளில் ஆளுக்கு வருஷத்துக்கு 55 கிலோ. தோல், எலும்பு எல்லாம் சேர்த்துத்தான், இருந்தாலும். பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து டப்பாவைப் பாதியோடு கொண்டுவருவான். அவன் பசிக்கு இல்லை, அவன் அம்மாவின் பயத்துக்கு நிரப்பிய டப்பா அது. இப்போது அவனே போட்டுக்கொள்கிறான். சில நாள் போதவில்லை என்று சண்டை, ஆனால் டப்பா காலி. என் அம்மா பழைய சாதத்தையும் விடுவதில்லை, மிஞ்சினால் மொட்டைமாடியில் வடகம். உன் வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றி எழுதமாட்டேன். அந்தக் கொத்தமல்லிக் கட்டுக்கு என்ன ஆயிற்று என்று தங்கச்சியிடம் மட்டும் கேட்டுச் சொல்.

தையில் உன் பையன் கல்யாணம். சமையலுக்கு முன்பணம் கொடுத்துவிடாதே, முதலில் எத்தனை பேர் பரிமாறுவார்கள் என்று கேள். எங்கள் மாஸ்டர் நம்பர் அனுப்புகிறேன், சென்னைக்கும் வருவார். நானும் முதல் நாளே வந்து பந்தியில் நிற்கிறேன். உன் சம்பந்தி கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லிவிடு.

உன்
கணேசன்