முருகேசனுக்கு, கனியின் ஆராய்ச்சி பற்றி

அன்புள்ள முருகேசா,

நலம். மூட்டுவலி அப்படியேதான், அதை விடு. தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பொங்கல் தாண்டிப் பதில் எழுதுகிறேன். வேண்டுமானால் திட்டிக்கொள். கனி, ஒளியோடு ஒளியை முட்டவைக்கும் ஒளித்துகள் மோதியில் ஆய்வு செய்யப் போகிறாளாமே! உலகத்தில் இத்தனை இருக்க, என் தலைவலியையேவா பிடித்தாள்?

ஒளியும் ஒளியும் முட்டுமா என்று கேட்டிருந்தாய். சாதாரண வெளிச்சம் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. ஆற்றல் ஏறினால் முட்டும். ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஈய அயனிகள் உரசாமல் கடக்கும்போது அது நடப்பதை அட்லஸ் குழு 2019இல் உறுதிசெய்தது. அதற்கென்றே ஒரு எந்திரம் கட்டும் யோசனை 1981இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் பிறந்தது. மோதுமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் முன்னால் எலக்ட்ரான் கற்றைக்கு எதிரே லேசரை அடி. எலக்ட்ரானின் ஆற்றலில் 80 சதவீதம் வரை ஒளித்துகளுக்குப் போய்விடும். இரு பக்கமும் இப்படிச் செய்தால் எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானே வேண்டாம். மற்றத் துகள்களின் நிறையோடு தொடர்புள்ள ஹிக்ஸ் துகள் ஒற்றையாகப் பிறக்கும்.

ஆனால் அந்த லேசர் இருக்கிறதே! துடிப்புக்குச் சில ஜூல், அதுவும் ஒன்றிரண்டு பிக்கோ நொடிக்குள் (ஒரு பிக்கோ நொடி, நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). எலக்ட்ரான்கள் கொத்துக் கொத்தாக வரும். ஒரு கொத்து கடந்தபின் பார்த்தால், நூறு கோடியில் ஒரு ஒளித்துகள்தான் செலவாகியிருக்கும். மிச்சத்தைக் கொட்டிவிட்டு அடுத்த கொத்துக்குப் புதிதாக அடிப்பதா? அதனால் கண்ணாடிகளை வைத்து அதே துடிப்பைச் சுற்றவிடுகிறோம். டெஸ்லா திட்டத்தில் (கார் இல்லை, ஹாம்பர்க்கில் கட்ட நினைத்த எந்திரம்) கொத்துகளுக்கு நடுவே 337 நானோ நொடி. அந்த நேரத்தில் ஒளி ஓடும் தூரம், அதாவது ஒரு சுற்று, 100 மீட்டர் வருகிறது. டிடெக்டரைச் சுற்றிக்கொண்டு போகும் அந்த 100 மீட்டரில், ஒரு மைக்ரான் அலைநீளத்தின் சிறு பங்கு பிசகினாலும் வெளிச்சம் சேராது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் போய்விடும், சந்தோஷத்தில்தான்.

எரிச்சல் வேறு இடத்தில். எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிடத் திட்டமிட்டிருக்கும் ஐ.எல்.சி. எந்திரத்தின் வரைபடத்தில் கற்றைகள் 14 மில்லிரேடியன் (ஒரு டிகிரிக்கும் குறைவு) கோணத்தில் சந்திக்கின்றன. லேசரில் அடிபட்டுச் சிதறும் எலக்ட்ரான்கள் வெளியேற எங்களுக்கு 25 வேண்டும். "முதலில் கட்டுவோம், பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள் ஐ.எல்.சி.காரர்கள். கடைசிப் பந்திக்காரனுக்கு ரசம் மிஞ்சுமா? அந்த ஐ.எல்.சி.யே இன்னும் காகிதத்தில்தான்.

விளையாட்டை விடு. இத்தனை ஆண்டில் இந்த உயர் ஆற்றல் எந்திரம் ஒன்றுகூட எழும்பவில்லை. 2022இல் அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வுக்கூடக் குழு லேசருக்குப் பதில் எக்ஸ் கதிர் வைத்து, 62.8 ஜி.இ.வி. (துகள் ஆற்றலின் அளவு) எலக்ட்ரானிலேயே ஹிக்ஸைப் பிடிக்கலாம் என்றது. அழகான கணக்கு. அதற்கு வேண்டிய எக்ஸ் கதிர்த் துடிப்பு இன்றைக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு பெரிது. கனி லேசர் பக்கம் போகட்டும். மோதி வராவிட்டாலும் கண்ணாடிச் சுற்று தெரிந்த பிள்ளைக்குச் சிறிய எக்ஸ் கதிர் எந்திரங்களில் வேலை இருக்கிறது.

அவள் சேரப்போகும் இடத்தில் லேசர் மேசை இருக்கிறதா, வெறும் கணினி அறையா என்று கேட்டுச் சொல். கணினி மட்டும்தான் என்றால் என்னிடம் பேசாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

உன்
சீனு