மகளுக்கு, உரக்கடையிலிருந்து

சேரன்மகாதேவி
2025 மார்ச் 9, ஞாயிறு

அன்புள்ள மகளுக்கு,

வாட்ஸ்அப்பில் நாலு வரி போட்டால் போதாதா, எதற்கு இந்த மனுஷன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று உன் அம்மா கேட்டுவிட்டுப் போனாள். போனில் பேசினால் சொல்ல வந்தது வராது எனக்கு. சாப்பிட்டியாளா, குளிருதா என்று கேட்டே நேரம் போய்விடும். எழுதி முடித்ததும் கடைப் பையனிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். என் கையெழுத்து உனக்குப் புரியும், பில் புத்தகத்தில் பார்த்து வளர்ந்ததுதானே.

வியாழக்கிழமை ராத்திரி நீ பேசியதிலிருந்து அதே யோசனைதான். சட்டப் பேப்பர் போய்விட்டது, பேசாமல் இந்தக் கடன் மேலாண்மை டிப்ளமோவையே விட்டுவிடலாமா என்றாய். பேப்பர் போனது போகட்டும், திருப்பி எழுதிக்கொள்ளலாம். பி.காமில் காஸ்டிங்கை மூன்று தடவை எழுதியவன் நான். (இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, அம்மாவிடமும் சொல்லிவிடாதே.) அதற்கப்புறம் நீ சொன்னதுதான் என்னை உறுத்துகிறது. "இங்கிலாந்தில் லெஸ்டர் வரைக்கும் போனது கடன் வசூல் பண்ணவாளா?" என்று பெரியப்பா வீட்டில் கேட்டார்களாம். "நாள் பூரா பணம் கேட்கிறதுதானேப்பா என் வேலை" என்று நீயும் சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கடைப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து முப்பது வருஷம் நானும் அப்படித்தான் சிரித்திருக்கிறேன்.

உனக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், பத்தமடைப் பக்கத்துக்காரர். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் மூன்று ஏக்கர் குத்தகைக்குப் பிடித்துப் பயிர் செய்கிறவர். நம் கடையில் பதினைந்து வருஷப் பழக்கம். 2023 பிசான நெல் பருவத்துக்கு டி.ஏ.பி., பொட்டாஷ், யூரியா, அப்புறம் பூச்சி மருந்து என்று 18,600 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு போனார். "நெல்லு அறுத்ததும் தாரேன் அண்ணாச்சி" என்றார். சரி என்று எழுதிக்கொண்டேன். டிசம்பர் 17, 18 தேதிகளில் பேய்ந்த மழையை நீ டிவியில் பார்த்திருப்பாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். இங்கே தாமிரபரணி ஏறி, திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே குளமாகிப் போனது. நட்டு நாலு வாரம் ஆன பயிரின் மேல் மணல் மூடிக் கிடந்தது. அவருக்கு அறுக்க ஒன்றுமில்லை.

நான் கேட்கவில்லை. பாவம், இந்த நிலைமையில் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன். மாசி போனது, சித்திரை போனது. 2024 கார் பருவத்துக்கு உரம் வாங்க அவர் வரவில்லை. அப்போதும் கேட்கவில்லை. ஒருநாள் கடைப் பையன் வந்து சொன்னான், அவர் பஸ்ஸில் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, ஸ்டேஷன் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறாராம், நம் கடை வாசலைத் தாண்டாமல். இன்னொரு கடையில் ரொக்கம் கொடுத்து உரம் எடுக்கிறாராம். ரொக்கம்! வருஷத்துக்கு நாற்பதாயிரம் ரூபாய் வியாபாரம் அது. பாக்கி 18,600 போகட்டும், அந்த ரொக்கமும் போயிற்று. இரக்கப்பட்டுத்தான் பேசாமல் இருந்தேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? அண்ணாச்சி மனதுக்குள் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான். நானே போய், "இந்தப் போகம் போச்சு, அடுத்த கார் அறுப்பில் பாதி, பிசானத்தில் பாதி தாரும்" என்று சொல்லியிருந்தால் அவர் நேர் வழியாகவே பஸ் ஏறியிருப்பார்.

உன் புத்தகத்தில் ஐந்து விஷயம் பார்த்துக் கடன் கொடுக்கச் சொல்லியிருக்கிறது என்று ஒரு தடவை சொன்னாய். குணம், திராணி, முதல், ஈடு, காலநிலைமை என்று நான் தமிழில் எழுதிக் கல்லாவுக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒட்டி வைத்ததைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, இத்தனை வருஷமும் நான் முதலாவதை மட்டும் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். நல்ல மனுஷன், பொய் சொல்லமாட்டான், கொடு. நல்ல மனுஷன்தான். ஆனால் அவன் வயல் கடைமடையில் இருக்கிறதே, தண்ணீர் கடைசியில்தானே வரும் என்று பார்த்தேனா?

தாத்தா பார்ப்பார். அவர் காலத்துச் சிகப்புத் துணி பைண்டு பேரேடு இன்னும் பரணில் இருக்கிறது. ஒவ்வொரு பற்றுக்கும் எதிரில் இரண்டு தேதி போட்டிருப்பார், எடுத்த தேதி ஒன்று, தருவதாக வாங்குகிறவரே வாயால் சொன்ன தேதி ஒன்று. அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவார். வரப்பில் நின்று கதிர் பார்ப்பார், மோர் குடிப்பார், பணம் என்று ஒரு வார்த்தை பேசமாட்டார். "களத்துக்குப் போகாதலே, அங்க நாலு பேரு நிப்பான். வயலுக்குப் போ" என்பார் என்னிடம். தவணை நாளுக்கு முன்னாலேயே போன் செய்து, பில் வந்து சேர்ந்ததா, ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்பது உங்கள் ஆபீஸில் ஒரு முறை என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாத்தா சைக்கிளில் செய்ததை நீ ஹெட்போன் மாட்டிக்கொண்டு செய்கிறாய். மூன்று மாதமாகப் பணம் அனுப்பாத ஒரு கம்பெனியைக் கூப்பிட்டு, சத்தம் போட்ட ஆளைப் பொறுமையாகப் பேசவிட்டு, கடைசியில் நம் பில்லில்தான் ஆர்டர் நம்பர் தப்பு என்று கண்டுபிடித்தாயே, அதை வசூல் என்று சொல்கிறவர்களுக்கு வியாபாரம் தெரியாது. பெரியப்பா வாத்தியாராக இருந்தவர், ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். அவரைக் குற்றம் சொல்லவில்லை.

யூரியா மூட்டை 45 கிலோ, விலை 266 ரூபாய் 50 காசு. அதற்கு மேல் ஒரு பைசா வைக்க முடியாது, கைரேகை மெஷினில் ஆதார் வைத்துத்தான் விற்க வேண்டும். செலவு போக மூட்டைக்கு 15 ரூபாய் நிற்கிறது என்று வை. அந்த 18,600-ஐ ஈடுகட்ட நான் 1,240 மூட்டை கூடுதலாக விற்க வேண்டும். நீ சொல்லிக்கொடுத்த கணக்குதான் இது. போட்டுப் பார்த்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

இன்னொரு கணக்கும் போட்டேன், அதற்கு நீ மார்க் போட வேண்டும். பிப்ரவரி கடைசியில் வெளியே நிற்கும் பாக்கி 9,20,000. வருஷக் கடன் விற்பனை 24,00,000. வகுத்து 365-ஆல் பெருக்கினால் 140 நாள் வருகிறது, அதாவது கடனுக்கு விற்ற பணம் கைக்கு வர ஆகும் நாள். 140 நாள் என்றால் கடையை மூட வேண்டியதுதான் என்று பயந்துபோனேன். அப்புறம் பொங்கலன்றைக்கு நீ சொன்ன பின்னோக்கிக் கழிக்கும் முறை ஞாபகம் வந்தது. பாக்கியிலிருந்து பிப்ரவரிக் கடன் விற்பனை 1,10,000-ஐக் கழி, 28 நாள். ஜனவரி 2,40,000-ஐக் கழி, 31 நாள். டிசம்பர் 3,60,000, இன்னொரு 31. மீதி 2,10,000. நவம்பர் விற்பனை 4,20,000, அதில் சரிபாதி, ஆகவே 15 நாள். மொத்தம் 105. இங்கே அம்பை 16 நெல் விதைத்தால் 110, 115 நாளில் அறுப்பு. அப்படியென்றால் என் பாக்கி பயிரின் வயசோடுதான் நிற்கிறது, கெட்டுப்போகவில்லை! நடவு நேரத்தில் குவிந்து விற்கும் கடைக்கு வருஷச் சராசரி ஆகாது என்று எனக்கு விளங்கியது இப்படித்தான். ஒரு குறை உண்டு. இந்தக் கணக்கில் எல்லாப் பாக்கியும் புதுப்பாக்கி மாதிரி ஆகிவிடுகிறது. பத்தமடைக்காரருடைய 18,600 ஒரு வருஷத்துக்கு மேலாக அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதற்குத்தான் முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று தனித்தனியாகப் பிரித்து எழுதச் சொல்கிறார்களா? நான் பிரிக்க ஆரம்பித்திருக்கிறேன். அம்மா கட்டம் போட்டுத் தருகிறாள்.

இப்போது உன் சட்டப் பேப்பர். மனப்பாடம் பண்ணினால் நிற்காது ஏளா, ஒரு ஆளையும் ஒரு பாக்கியையும் மனதில் வைத்துக்கொண்டு படி. பில்லுக்குப் பிந்திப் பணம் கொடுக்கும் கம்பெனிக்கு உங்கள் ஊரில் 1998-ஆம் வருஷச் சட்டப்படி பேங்க் ஆஃப் இங்கிலாந்து அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதம் போடலாம். மாதிரிக் கேள்வியில் நீ இந்த 2025 மார்ச்சில் இருக்கும் 4.5-ஐக் கூட்டி 12.5 என்று எழுதினாய். ஜனவரியிலிருந்து ஜூன் வரைக்கும் கெடு தாண்டும் பில்லுக்கு முந்தின டிசம்பர் 31 அன்று இருந்த வட்டிதான் கணக்கு, 2024 டிசம்பர் 31-இல் அது 4.75, ஆகவே 12.75. இனிமேல் மறக்கமாட்டாய். அதோடு பாக்கிக்குத் தக்கபடி 40, 70, 100 பவுண்டு இழப்பீடும் கேட்கலாம்.

நம் ஊர்ச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார். கல்லிடைக்குறிச்சி அத்தான் அப்பளம் போட்டுச் சென்னையில் ஒரு பெரிய கடைக்கு அனுப்புகிறார் அல்லவா, அவர்கள் நாலு மாதம் இழுத்தடிக்கிறார்கள். அத்தானுடையது உத்யம் பதிவு உள்ள சிறுதொழில். 2006-ஆம் வருஷச் சட்டப்படி ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ள முடியாது, தள்ளினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இப்போது வருமான வரியிலும் பிடி வைத்துவிட்டார்கள், கெடு தாண்டிய பாக்கியை, கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்டலாம். அத்தான் இதையெல்லாம் சொல்லிக் கடிதம் போட்டாரா என்றால் இல்லை. கேட்டால் ஆர்டர் போய்விடுமாம். நம் வம்சத்துக்கே இந்த வெட்கம் இருக்கிறது போல. என்னைப் போல வாங்கி விற்கிறவனுக்கு அந்த 45 நாள் பொருந்தாது என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார், அதனால் எனக்கு அந்தக் கவலையும் இல்லை.

எனக்குப் பொருந்துவது காலவரையறைச் சட்டம். உங்களுக்கு ஆறு வருஷம், இங்கே மூன்றே வருஷம். அதற்குள் பாக்கிக்காரர் "ஆமாம், இவ்வளவு தர வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷம் புதிதாக ஓடும். வெள்ளத்தில் நோட்டு நனைந்தபோது இதன் அருமை தெரிந்தது. மொட்டைமாடியில் உலர்த்திப் பார்த்தும் பதினோரு பக்கம் மை கரைந்து படிக்க வரவில்லை. ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். இரண்டு பேர் குறைத்துச் சொன்னார்கள். ஒருவர் என் ஞாபகத்தில் இருந்ததைவிட ஐந்நூறு ரூபாய் கூட்டிச் சொன்னார். சண்டை போட என்னிடம் தாள் இல்லை.

உன் டிப்ளமோவை நடத்தும் அந்தக் கடன் மேலாண்மைச் சங்கம் 1939-இல் ஆரம்பித்தது என்றாய். உலக யுத்தம் தொடங்கிய வருஷம், அந்த நேரத்திலும் கடன் கொடுத்தவர்கள் கூடி உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் பார். பரீட்சைக்கு மறுபடியும் பணம் கட்டிவிடு. பணம் குறைந்தால் சொல், கைமாற்றாகத் தருகிறேன். திருப்பித் தரும் தேதியை நீயே சொல்ல வேண்டும், நோட்டில் எழுதிக்கொள்வேன்.

ஒரு உதவி வேண்டும். பாக்கிக்காரர்களுக்குக் கொடுக்க, மரியாதை குறையாமல், அழுத்தமாக ஒரு பத்து வரி தமிழில் எழுதி அனுப்பு. நான் எழுதினால் ஒன்று கெஞ்சலாக இருக்கிறது, இல்லை கோபமாக இருக்கிறது.

பத்தமடைக்காரருக்கு மட்டும் கடிதம் வேண்டாம். நாளைக் காலை வண்டியை எடுத்துக்கொண்டு நானே அவர் வயலுக்குப் போகிறேன். இன்னும் நாலு நாளில் அங்கே அறுப்பு மெஷின் இறங்குகிறதாம். முதலில் கதிரைப் பார்க்க வேண்டும். கணக்குத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், எடுப்பேனோ என்னவோ, பேச்சு எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். திரும்பி வந்ததும் போன் செய்கிறேன். உனக்கு அப்போது விடிந்திருக்காது, ஆனாலும் எடு.

அன்புடன்,
அப்பா