ஆறாம் படிவம் ஆறாம் வகுப்பல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

உசிலம்பட்டி, மேலூர் பக்கத்து மாணவர் விடுதிகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசித்துக் காட்டத் தோதான பழைய நாவல், தாமஸ் ஹியூஸ் 1857-இல் எழுதிய 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்'. ஹியூஸ் 1896-இலேயே காலமாகிவிட்டதால் பதிப்புரிமைத் தொல்லை இல்லை; யாரும் தமிழாக்கலாம். ஆனால் சறுக்கும் இடங்கள் உண்டு.

முதல் சறுக்கல் 'சிக்ஸ்த் ஃபாரம்'. அதை 'ஆறாம் வகுப்பு' என்று எழுதினால் கதையே தலைகீழ். கதை நடக்கும் இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் அதுதான் உச்ச வகுப்பு. நம்மூரிலும் ஃபாரம் கணக்கு இருந்தபோது ஆறாவது ஃபாரம் என்றால் எஸ்.எஸ்.எல்.சி.; தாத்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள். ரக்பியில் சின்னப் பையன்களை வேலை வாங்கும் உரிமை ஆறாம் ஃபாரம் மூத்தவர்களுக்கு மட்டுமே. திண்ணைப் பள்ளியின் 'சட்டாம்பிள்ளை' அவர்களுக்குக் கச்சிதமான சொல். வேலை செய்கிறவன் 'எடுபிடி'. 'அடிமை' என்பது மிகை. அந்த உரிமை இல்லாத முரட்டு மாணவன் ஃபிளாஷ்மேனின் கூட்டமும் வேலை ஏவுகிறது. டாமும் அவன் நண்பன் ஈஸ்டும் மறுப்பது அதைத்தான். இது விளங்காவிட்டால் இருவரும் வெறும் அடங்காப்பிடாரிகளாகத் தெரிவார்கள்.

முதல் நான்கு அத்தியாயங்கள் கிராமமும் குதிரை வண்டிப் பயணமும். ஒரு பக்கமாகச் சுருக்கிவிட்டு ஐந்தாவதில் பள்ளிக்குள் நுழையலாம். அங்கே வரும் ஃபுட்பால் நம் கால்பந்து அல்ல. குறுக்குக் கம்பத்துக்கு மேலே பந்து போனால்தான் கோல். சொல்லாமல் விட்டால், 'அது அவுட்டுல்ல சார்?' என்று கேள்வி வரும்.

வெட்டவே கூடாதது கணப்பு நெருப்புக் காட்சி. குதிரைப் பந்தயச் சீட்டில் டாமுக்கு நல்ல குதிரை விழுகிறது. விற்க மறுக்கிறான். ஃபிளாஷ்மேன் கூட்டம் அவனைப் பிடித்து நெருப்பருகே நிறுத்தி வாட்டுகிறது. விடுதி அம்மா கேட்டும் வாய் திறக்கவில்லை. பிறகு ஃபிளாஷ்மேன் விரட்டப்படுவது இதற்காக அல்ல, குடித்துவிட்டு வந்ததற்காக! அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, 'டாம் யாரிடம் சொல்லியிருக்கலாம்?' என்று கேட்க வேண்டும். ராகிங் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 1997-லேயே வந்துவிட்டது. 'போட்டுக்கொடுக்காதே' என்கிற எழுதாத சட்டம் அதைவிடப் பழையது.

இரண்டாம் பாகத்தில் உபதேசம் கொஞ்சம் தூக்கல், தாராளமாகக் கத்தரிக்கலாம். ஆனால் புதிதாகச் சேர்ந்த நோஞ்சான் பையன் ஆர்தர் கட்டிலருகே மண்டியிட்டு ஜெபிக்கும்போது செருப்பு பறந்து வருவதும், எறிந்தவன் மீது டாம் பூட்ஸை வீசுவதும் இருக்கட்டும்.

ஓர் இரவுக்கு 20 நிமிடம் போதும். மீறினால் பின்வரிசை தூங்கிவிடும். பிளஸ் டூ அண்ணன்களையும் அதே கூடத்தில் உட்கார வைக்க வேண்டும். சின்னவர்களுக்கு மட்டும் வாசித்தால், ஃபிளாஷ்மேன் கதையை ஃபிளாஷ்மேனே கேட்காமல் போய்விடுவான்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.